கடல்நீர் மீன்தொட்டி: முதல் தொட்டிக்கு எதை, எந்த வரிசையில் வாங்குவது? குமரி மாவட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டத்திலோ களியக்காவிளையிலோ ஒருவர் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க முடிவு செய்தால் முதலில் யூடியூபைத்தான் திறப்பார். அங்கே கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் போட்டவை. ஹீட்டர் முதல் வரிசையில் நிற்கும். பவளத்துக்கான விளக்கு பாதிப் பணத்தைத் தின்னும். நம்மூரில் ஹீட்டருக்கு வேலையே கிடையாது. இங்கே தொட்டியைக் கவிழ்ப்பவை இரண்டு: சித்திரை வெக்கை, கரண்டு கட். இந்த இரண்டையும் மனதில் வைத்துச் சாமான் வாங்கினால் மீன் பிழைக்கும், பணமும் மிஞ்சும். விளக்கு, அலங்காரம் எல்லாம் மிச்சப் பணத்துக்கு.

கீழே இருப்பது வாங்க வேண்டிய வரிசைதான். ஒரே நாளில் எல்லாவற்றையும் திருவனந்தபுரம் போய் அள்ளி வர வேண்டாம். ஒவ்வொன்றாக வாங்கி, ஓட்டிப் பார்த்து, அடுத்ததுக்குப் போகலாம்.

1. என்ன வளர்க்கப் போகிறீர்கள்?

காசை எடுப்பதற்கு முன் இதற்குப் பதில் வேண்டும். முதல் தொட்டிக்கு நான் சொல்வது மீன் மட்டும். அதிலும் ஒரு ஜோடி கோமாளி மீன். கடையில் ‘நீமோ’ என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த மீனா, கடலில் பிடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் மையங்கள் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அப்படிப் பிறந்த மீனுக்குக் கண்ணாடிச் சுவரும் குருணைத் தீனியும் பழக்கம். கடலில் பிடித்த மீன் பட்டினி கிடக்கும், ஒட்டுண்ணியும் கொண்டுவரும். சாமந்தி போல விரிந்து நிற்கும் கடல் அனிமோன் இல்லாவிட்டாலும் கோமாளி மீன் நன்றாகவே வாழும். அதையும் சேர்த்து வாங்கச் சொன்னால் தலையாட்ட வேண்டாம்.

பவளத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடற்குதிரை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. செத்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். கரையில் ஒதுங்கியதை எடுத்துத் தொட்டிக்குள் போடுவது, ‘லைவ் ராக்’ (உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் கல்) என்று யாராவது ரகசியமாக விற்பதை வாங்குவது இரண்டுமே வழக்கில் கொண்டுபோய் விடும். பவளம் வேண்டாம் என்று முடிவெடுத்த கணத்திலேயே விலை உயர்ந்த விளக்கு, கால்சியம் ஊற்றும் கருவி எல்லாம் பட்டியலிலிருந்து போய்விடுகின்றன.

2. தொட்டியும் அதன் கீழே இருப்பதும்

மேசைமேல் வைக்கும் சின்னத் தொட்டிதான் தொடக்கக்காரருக்கு நல்லது என்று தோன்றும். நேர்மாறு. தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் அழுக்கும் வேகமாக ஏறி இறங்கும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் நல்ல அளவு. ஏறக்குறைய 180 லிட்டர் பிடிக்கும். 10 மில்லிமீட்டர் கண்ணாடி போடச் சொல்லுங்கள். கண்ணாடியில் துளை வேண்டுமா என்பதை ஆறாவது பகுதியைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒட்டும் சிலிகான் வினிகர் வாடை அடிக்கும் சாதா ரகமாக இருக்க வேண்டும். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு ரகம் வேண்டாம். அதிலுள்ள மருந்து மீனுக்கு ஆகாது. ஒட்டிய பின் ஒரு வாரம் காயவிட்டு, திண்ணையில் வைத்து விளிம்புவரை நிரப்பி இரண்டு நாள் பாருங்கள். கசிவது திண்ணையில் கசியட்டும்.

180 லிட்டர் கடல்நீர் மட்டுமே 185 கிலோவைத் தொடும். கண்ணாடி, கல், மணல் சேர்த்தால் கால் டன்னைத் தாண்டும். இரும்பு ஸ்டாண்டு நம் கடற்காற்றில் வெல்டிங் வாயிலேயே துருப்பிடிக்கும், அதன்மேல் உப்புத் தண்ணீரும் சொட்டும். ரப்பர் மரம் இந்தப் பக்கம் மலிவு என்று அதில் அடிக்கச் சொல்வார்கள்; மருந்தேற்றாத ரப்பர் மரத்தில் வண்டு விழும், ஈரத்தில் மரம் ஊதும். எனக்குப் பிடித்தது, ஹாலோ பிளாக்கை இரண்டு பக்கமும் அடுக்கிக் கட்டி மேலே கடப்பா கல் போடுவது. அழகு கம்மி, ஆயுள் கெட்டி. கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தெர்மோகோல் பலகை கட்டாயம்.

இடம்: கீழ்த்தளம், மேற்குச் சுவரை ஒட்டாத மூலை. மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் வைத்தால் நாலாவது பகுதியில் சொல்லப்போகும் குளிரவைக்கும் செலவு கூடும்.

3. தண்ணீரும் உப்பும்

“மாமா, கடலு பக்கத்துல கெடக்கு. கேன்ல கோரிட்டு வந்தா போராதா? பாக்கெட்டு உப்பு என்னத்துக்கு?”

குளச்சல் பக்கத்திலிருந்து யார் தொட்டி வைத்தாலும் வரும் கேள்வி இது. “மக்கா, எந்தக் கடலைக் கோரப் போற?” என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறு வந்து விழுகிறது. இடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் அந்தப் பொழிமுகத்துத் தண்ணீரில் உப்பு குறைந்து சேறு கலந்திருக்கும். துறைமுகத்துக்குள் டீசல் மிதக்கும். படகில் போய் ஆழ்கடலில் எடுத்துவர வசதி இருப்பவருக்குக் கடல்நீர் நல்லதுதான். மற்றவர்களுக்கு மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்புக் கலவைதான் வழி.

புத்தளம் உப்பளத்து உப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்றால், அது கடல் அல்ல, கடலின் ஒரு பங்கு. பாத்தியில் நீர் வற்றும்போது கால்சியம் முதலிலேயே சுண்ணாம்பாகவும் ஜிப்சமாகவும் படிந்துவிடுகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிவரை நீரிலேயே நின்று கசப்பு நீராக வெளியே போகின்றன. நடுவில் விளைவதுதான் நாம் வாரும் உப்பு. அதைக் கரைத்தால் உப்புக்கரிப்பு வரும், கடல்நீர் வராது.

ஒரு லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை கலவை பிடிக்கும். பாக்கெட்டில் அளவு போட்டிருப்பார்கள். உணவுத் தரமுள்ள 100 லிட்டர் டிரம் ஒன்று தனியாக வாங்குங்கள். பழைய ரசாயன டிரம்மைக் கழுவி வைத்துக்கொள்வது ஆபத்து. தண்ணீரை நிரப்பி ஒரு பம்பை ஓடவிட்டு, அதில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட வேண்டும். உப்பைப் போட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும். ஒரு நாள் முழுக்கச் சுழலட்டும்.

எந்தத் தண்ணீரில் கரைப்பது? கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருக்கும், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அடுப்பங்கரை ஆர்.ஓ. கருவி போதுமா என்றால் போதாது. குடிக்க ருசியாக இருக்க வேண்டுமென்று அதில் கொஞ்சம் தாது உப்பைத் திரும்பச் சேர்ப்பார்கள். அந்த இணைப்பை விலக்கி, ஆர்.ஓ.வுக்கு அடுத்து, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழல் ஒன்றை மாட்டி, கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் சுழியம் காட்டுகிறதா என்று பாருங்கள். நிறம் மாறும் ரெசின் வாங்கினால் எப்போது தீர்ந்தது என்று கண்ணாலேயே தெரியும். கழிவாக வெளியேறும் தண்ணீர், கிடைக்கும் நல்ல தண்ணீரைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். வாழைக்கு விடுங்கள்.

செம்பு, பித்தளை எதுவும் இந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது. பித்தளை வால்வு ஒன்று போதும், பின்னால் நத்தையோ இறாலோ விட்டால் சாகும். பைப்பு, வால்வு, கிளிப்பு எல்லாமே பிளாஸ்டிக்.

4. வெக்கை

தொட்டி 25 முதல் 28 டிகிரி வரை நின்றால் சுகம். 30ஐ எட்டினால் கோமாளி மீன் தாங்கும். ஆனால் சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனுக்குத் தேவையோ கூடும். இரவில் கரண்டும் போனால் கதை முடிந்தது.

முதல் ஆயுதம் மின்விசிறி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் விசிறி இரண்டை, நீர்ப்பரப்பின்மேல் சாய்வாகக் காற்று படும்படி மாட்டுங்கள். மேலே கண்ணாடி மூடி இருந்தால் எடுத்துவிட்டு வலை போடுங்கள், மீன் துள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் அது கொண்டுபோகும் வெப்பம், 180 லிட்டர் தொட்டியை மூன்று டிகிரி அளவுக்குக் குளிரவைக்கக் கூடியது. அதே நேரத்தில் அறைச் சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் கையில் நிற்பது இரண்டு டிகிரி, நல்ல நாளில் மூன்று.

ஆனால் இந்தக் கணக்கு காற்று வறண்டிருந்தால்தான் செல்லும். ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய்க் காற்று அடிக்கும் வீட்டில் விசிறி பிரமாதமாக வேலை செய்யும். கொல்லங்கோட்டிலும் தூத்தூரிலும் கடற்காற்றே ஈரம். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் விசிறி சுற்றும், தண்ணீர் ஆவியாகாது. ஆகவே சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் கருவி) வேண்டுமா வேண்டாமா என்பதைப் பட்டியல் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மீன் போடுவதற்கு முன் தொட்டியை நிரப்பி, பம்புகளை ஓட்டி, விசிறி மாட்டி, பங்குனி சித்திரையில் மதியம் மூன்று மணிச் சூட்டை எழுதி வாருங்கள். விசிறியோடும் 30ஐத் தாண்டினால் சில்லர் தேவை. இந்த அளவுத் தொட்டிக்குப் பத்தில் ஒரு பங்கு குதிரைத்திறன் சில்லர் வழக்கமாகப் போதும். அது தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்தான் கக்கும். மூடிய அறையில் வைத்தால் சில்லரும் தொட்டியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும். ஜன்னல் ஓரமாகவோ வராந்தாவிலோ வையுங்கள்.

ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கும். விசிறி ஓடும் தொட்டியில் தினம் இரண்டு மூன்று லிட்டர் போகலாம். மூன்று லிட்டர் வீதம் ஒரு வாரம் கண்டுகொள்ளாமல் விட்டால், ஆயிரத்துக்கு 35 பங்கு இருந்த உப்பளவு 39ஐத் தாண்டிவிடும். குறைந்ததை ஈடுகட்ட உப்பில்லாத டி.ஐ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். தினம் கையால் ஊற்றலாம். வெளியூர் போகிறவர் என்றால், நீர்மட்டம் இறங்கியதும் தானே ஊற்றும் ஏ.டி.ஓ. கருவி வாங்குங்கள். விளக்குக்கு முன்னால் வாங்க வேண்டியது இது.

5. கரண்டு

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத அந்த நாட்களில் மீன்தொட்டியை யார் நினைத்தார்கள். ஆனால் அப்படியொரு புயல் வந்தால் என்ன ஓட வேண்டும் என்பதை வாங்கும்போதே யோசித்துவிட வேண்டும்.

ஓட வேண்டியது தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்கும் ஒன்று, அவ்வளவுதான். மற்ற எல்லாம் அணைந்தாலும் ஒரு நாள் தாங்கும். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் அதில் ஒரு பிளக் பாயிண்டைத் தொட்டிக்கு இழுங்கள். வீட்டுக் கரண்டைப் போலவே சீரான அலையாகத் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பாருங்கள். மற்ற ரகத்தில் சாதா ஏ.சி. பம்புகள் உறுமும், சூடேறும். 12 வோல்ட் 150 ஏ.எச். பாட்டரியில் 1800 வாட் மணி இருக்கிறது. அதில் பாதியைத்தான் நம்பலாம். ரிட்டர்ன் பம்பு (கீழ்த் தொட்டி நீரை மேலே ஏற்றுவது), வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்குவது), ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக எடுப்பது; இவை பற்றி அடுத்த பகுதியில்) சேர்ந்து 50 வாட் என்றால், இன்வெர்ட்டர் தின்பது போகப் பதினான்கு பதினைந்து மணி நேரம். வீட்டு ஃபேன்களும் அதிலேயே ஓடினால் அது நாலைந்து மணி நேரமாகச் சுருங்கும். அதனால் வேவ்மேக்கரை மட்டும் டி.சி. ரகமாக வாங்கச் சொல்வேன். பத்து வாட்டுக்குள் ஓடும், பாட்டரியில் நேரடியாக மாட்டும் வசதியுள்ளவையும் உண்டு. அதுவும் முடியாவிட்டால், மீன்பிடிக்கப் போகிறவர்கள் வைத்திருக்கும் பாட்டரி ஏர் பம்பு ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

பாதுகாப்பில் கஞ்சத்தனம் கூடாது. தொட்டியின் லைனுக்கு கசிவு நேர்ந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். ஒயர்கள் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கிப் பிறகு மேலேற வேண்டும். வழிந்து வரும் துளி வளைவிலேயே சொட்டிவிடும். பிளக் போர்டு தொட்டிக்கு நேர் கீழே இருக்கவே கூடாது. சில மாதத்தில் பாருங்கள், தொட்டி விளிம்பிலிருந்து வெள்ளை உப்புப் படிவம் ஒயர் வழியாகவே ஊர்ந்து வந்திருக்கும்.

6. சம்ப், பம்பு, ஸ்கிம்மர்

தொட்டிக்குக் கீழே இன்னொரு சின்னக் கண்ணாடித் தொட்டி வைத்து, மேலிருந்து வழியும் நீரை அங்கே சுத்தப்படுத்தி மேலே ஏற்றுவதுதான் சம்ப். கட்டாயமில்லை; தொட்டியின் முதுகில் தொங்கும் ஸ்கிம்மரோடும் ஒப்பேற்றலாம். ஆனால் சம்ப் இருந்தால் தண்ணீர் அளவு கூடும், கருவிகள் கண்ணில் படாது. மேல் தொட்டியைச் செய்யச் சொல்லும்போதே கண்ணாடியில் துளை போட்டு வாங்குங்கள், பின்னால் போடுவது தலைவலி.

சம்ப்பில் பார்க்க வேண்டியது ஒன்று. கரண்டு போனதும் மேல் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் பைப்பு வழியாகக் கீழே இறங்கும். அதைப் பிடித்துக்கொள்ள இடம் இல்லாவிட்டால் வீடெல்லாம் உப்புத் தண்ணீர். பம்பை வேண்டுமென்றே நிறுத்தி, தண்ணீர் இறங்கி நிற்கும் மட்டம் விளிம்புக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொண்டு, பம்பு ஓடும்போது உள்ள மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் நிரப்பாதீர்கள்.

ரிட்டர்ன் பம்பின் அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, பம்பு உயரம் ஏற்றாமல் ஓடினால் கிடைப்பது. நாலடி ஏற்றினால் பல பம்புகளில் பாதிதான் வரும். மணிக்குத் தொட்டியின் மூன்று முதல் ஐந்து மடங்கு, அதாவது 540 முதல் 900 லிட்டர் மேலே வந்து சேர வேண்டும். 2000 லிட்டர் என்று போட்ட பம்பு வாங்கினால் சரியாக வரும். வேவ்மேக்கர் 2000 முதல் 3000 லிட்டர்.

புரோட்டீன் ஸ்கிம்மர் பொடிப்பொடியான காற்றுக் குமிழிகளை உண்டாக்கி, அவற்றில் ஒட்டும் அழுக்கை நுரையாக மேலே தள்ளும். உப்புத் தண்ணீரில்தான் இது வேலை செய்யும். நாள் சென்றால் கோப்பையில் கட்டன்சாயா நிறத்தில் நாற்றமடிக்கும் நீர் சேரும். அதுதான் அது உழைக்கிறது என்பதற்கு அடையாளம். புது ஸ்கிம்மர் முதல் சில நாள் பொங்கித் தள்ளலாம் அல்லது சும்மா கிடக்கலாம். உடனே மாற்றக் கொண்டுபோகாதீர்கள். அட்டையில் உள்ள கொள்ளளவு உங்கள் தொட்டியைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். இதில் மட்டும் மலிவு பார்க்காமல் காற்றைப் பொடிக் குமிழியாக உடைக்கும் ஊசிச் சக்கர பம்பு உள்ளதாக, உதிரிப் பாகம் இங்கேயே கிடைக்கும் ரகமாக வாங்குங்கள்.

7. கல்லும் மணலும்

தொட்டியை உண்மையில் சுத்தப்படுத்துவது கல்லின் துளைகளில் குடியேறும் பாக்டீரியாதான். கடல் கல்லை எடுக்கக் கூடாது என்பதால், செயற்கையாக வார்த்த காய்ந்த கல்லோ துளைகள் நிறைந்த செராமிக் கட்டிகளோ வாங்குங்கள். முதலில் கல்லை அடித்தளத்தில் நிறுத்திவிட்டுப் பிறகு மணல் போடுங்கள். மணல்மேல் கல்லை வைத்தால் மீன் தோண்டிச் சரித்துவிடும்.

மணல் அராகோனைட் என்று விற்கும் சுண்ணாம்பு மணலாக இருக்கட்டும். நம் கடற்கரை மணல் வேண்டாம். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் அரிய மணல் ஆலை இருப்பது சும்மா அல்ல. இந்தக் கரையில் இல்மனைட், கார்னெட், சிர்கான், தோரியம் உள்ள மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கின்றன. தொட்டிக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை, இரும்புச் சேர்மம்தான் உள்ளே வரும்.

8. அளக்கும் கருவிகள்

உப்பளவு பார்க்க முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் வேண்டாம். முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே பொய் சொல்லும். ஒளி வளைவதை வைத்து உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, கூடவே 35 என்று குறித்த அளவீட்டுத் திரவம் ஒரு குப்பி வாங்குங்கள். வெறும் தண்ணீரை வைத்துச் சுழியத்துக்குத் திருகினால் மட்டும் போதாது. விலை குறைந்தவை பல, சாப்பாட்டு உப்புக் கரைசலுக்காக அளவு போட்டவை. நாம் பார்க்கும் 35 என்ற இடத்தில் அவை பிசகும்.

மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியா, அதைப் பாக்டீரியா படிப்படியாக மாற்றும் நைட்ரைட், நைட்ரேட், இவற்றோடு பி.எச். பார்க்கச் சொட்டு மருந்து கிட் வேண்டும். காலாவதி தேதியையும் கடல்நீருக்கு ஆகுமா என்பதையும் பெட்டியில் பார்த்து வாங்குங்கள். அப்புறம் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர்.

9. விளக்கு

வெள்ளையும் நீலமும் கலந்த எந்த எல்.ஈ.டி.யும் போதும். டைமர் போட்டு எட்டு மணி நேரம். மீனுக்கு அதற்குமேல் தேவையில்லை. கூடுதல் வெளிச்சம் பாசிக்குத்தான்.

10. மீனுக்கு முன், இன்னொரு தொட்டி

எல்லாம் ஓடத் தொடங்கிய பின் கடையில் கிடைக்கும் பாக்டீரியா திரவத்தையும், பாக்டீரியாவுக்குத் தீனியாகக் கொஞ்சம் அம்மோனியாவையும் போட்டுக் காத்திருங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் சுழியமாகி நைட்ரேட் மட்டும் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். மீன் வாங்கச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிக்கும் காலமும் இதுதான்.

அந்த இடைவெளியில் 50 லிட்டரில் ஒரு வெறும் தொட்டி தயார் செய்யுங்கள். மணல், கல் எதுவும் வேண்டாம். ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. எல்போ, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்பு. வாங்கும் எந்த மீனும் முதல் நாலு வாரம் இதில்தான். உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி வந்தால் அது கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. அதற்குப் போடும் செம்பு மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றவே முடியாது. கல்லும் மணலும் உறிஞ்சிக்கொள்ளும், நத்தையும் இறாலும் அப்புறம் அதில் பிழைக்காது. ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியில் பாக்டீரியா வளரக் காத்திருக்கும்போதே அதன் சம்ப்பில் போட்டு வையுங்கள். மீன் வீட்டுக்கு வரும் அன்று எடுத்துச் சின்னத் தொட்டியில் மாட்டினால் அதற்குள் பாக்டீரியா ஏற்கெனவே இருக்கும். ஒருமுறை செம்பு பட்ட ஸ்பாஞ்சை மட்டும் திரும்ப சம்ப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.